இரண்டாம் மாடல் ஜடாயுவின் பின்கண்ணாடி

ஆடி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழியார் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்த ஜடாயு கார்களின் பின்கண்ணாடிகள் எல்லாம், பின்னால் கிடக்கும் பாதையைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, அந்தந்தக் கார் பிறந்த வருஷத்துப் பாதையைக் காட்டத் தொடங்கின. இதை முதலில் கவனித்தவர் முதலாம் மாடல்காரரான இராமபத்ரன். அவரும் ஒன்றும் பதறிவிடவில்லை. ஒரு மாட்டுவண்டி விடாமல் பின்னாலேயே வருகிறதே, ஒதுங்கி வழிவிட்டாலும் முந்திப் போகமாட்டேன் என்கிறதே என்று மலை முழுக்க எரிச்சல்பட்டுக்கொண்டே ஓட்டி, இறங்கி வந்து, அடிவாரத்துப் பார்வதி மெஸ்ஸில் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொள்ளும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

"ரெட்டைக் காளைங்க. கொம்புல செவப்புப் பெயிண்ட்டு. எறங்கித் திரும்பிப் பாத்தா ஒண்ணுமில்ல. மறுக்கா ஏறிக் கண்ணாடியப் பாத்தா, பின்னாலயே வந்துட்டிருக்குது."

"என்ற கண்ணாடியில சேரன் பஸ்ஸு வந்துச்சுங்க. இப்ப ஏது சேரன் பஸ்ஸு?" என்றார் ஒரு இரண்டாம் மாடல்காரர்.

"அப்ப எங்குளுதுதான் பழசு, எங்குளுதுதான் ஒசத்தி" என்று இராமபத்ரன் சட்னியை வழித்து வாயில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், யாரும் அதிசயப்படவில்லை, யாருடைய கண்ணாடி உசத்தி என்ற சண்டை அந்த நிமிஷமே ஆரம்பித்துவிட்டது.

ஜடாயு என்றால் என்ன என்று கோயமுத்தூர்ப் பக்கம் வராதவர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். நூல் மில்லில் சம்பாதித்த பணம் கையைக் கடிக்கிறதென்று ஒரு முதலாளி, இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையைத் தடவிக்கொண்டு போகிற, மூக்கில் இறக்கை விரித்த கழுகைப் பொறித்த பந்தயக் கார் ஒன்றைச் செய்தார். எழுபத்தொன்றில் முதலாம் மாடல். வீட்டில் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னதால் அந்த ஒரு வருஷத்தோடு நின்றது. தொண்ணூற்றிரண்டில் அவர் மகனுக்கு அதே கிறுக்குப் பிடித்து இரண்டாம் மாடல் வந்தது, அதுவும் ஒரு வருஷம்தான். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் பேரனின் முறை, மூன்றாம் மாடல். கிறுக்கு அந்தக் குடும்பத்தில் தலைமுறை தவறாமல் வந்ததென்றால், அந்தக் கார்களை வாங்கியவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

முதலாம் மாடல்காரர்களுக்கு மற்ற இரண்டும் காரே இல்லை. "எங்குளுது வண்டி, உங்குளுது மிக்ஸி" என்பார்கள். மூன்றாம் மாடல்காரர்கள் முதலாம் மாடலைப் பார்த்தால் மியூசியத்துக்கு டிக்கெட் எங்கே வாங்குவது என்று கேட்பார்கள். இரண்டு பக்கத்து இடியையும் வாங்கிக்கொண்டு இரண்டாம் மாடல்காரர்கள் நடுவில் நின்றார்கள். மெஸ் வாசலில் புளியமரத்து நிழல் முதலாம் மாடலுக்கு, கீற்றுக்கொட்டகை இரண்டாவதுக்கு, வெயில் மூன்றாவதுக்கு என்று யாரும் சொல்லாமலே இடம் பிரிந்திருந்தது. பாதையில் எதிரெதிரே வந்தால் தன் மாடல்காரனுக்கு மட்டும்தான் முன்விளக்கை இரண்டு தரம் அடித்து வணக்கம் சொல்வார்கள். வேறு மாடல் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தவனுக்கு அதற்கப்புறம் ஆயுசுக்கும் யாரும் விளக்கடிக்க மாட்டார்கள். தகப்பன் மகனுக்கே அடிக்காமல் விட்ட கதை உண்டு.

இந்த மூன்றாம் மாடல் கூட்டத்தில் வாய் நீளம் யாருக்கென்றால் பூங்கோதைக்குத்தான். பீளமேட்டில் பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றும் பட்டறை வைத்திருந்தாள், வயது அறுபதை நெருங்கியிருந்தது, சுடிதார் போட்டுக்கொண்டு, துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கி முடிந்துகொண்டு ஓட்டுவாள். முதலாம் மாடலைக்கூட அவள் போனால் போகிறதென்று விட்டுவிடுவாள். இரண்டாம் மாடல் என்று யாராவது வாயெடுத்தால் போதும். "பதினோராவது வளைவுல வாலை ஆட்டற வண்டிதானுங்க அது? வாலாட்டறதுக்கு வீட்டுல நாய் வளத்தினாப் போதாதா?" என்பாள், ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் இந்தப் பேச்சுத் தவறாது. அதைக் கேட்டு மெஸ்ஸே சிரிக்கும், வெள்ளிங்கிரி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஊத்தப்பத்தைப் பிய்ப்பார்.

வெள்ளிங்கிரி பொள்ளாச்சியில் தேங்காய் நார் மில் நடத்துபவர், அதிகம் பேசாத மனிதர். அவர் வைத்திருந்த இரண்டாம் மாடல், பூங்கோதையே அவருக்கு விற்றதுதான். டயரை மாற்றினார், ஸ்பிரிங்கை மாற்றினார், மதுரையிலிருந்து ஆளைக் கூட்டிவந்து அடிப்பாகத்தையே அவிழ்த்துப் பூட்டினார். பதினோராவது வளைவுக்கு வந்ததும் வண்டி பின்பக்கத்தை அகட்டி ஒரு வீச்சு வீசத்தான் செய்தது. வாலாட்டி என்று அந்த வண்டிக்குப் பேரே ஆகிவிட்டது.

அந்த வண்டி பூங்கோதையிடம் இருந்தபோது வாலை ஆட்டவில்லை. தொண்ணூற்றிரண்டில் புதுசாக எடுத்தது, அவளுக்கும் அவள் புருஷன் சென்னியப்பனுக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம். சென்னியப்பனுக்கு வளைவுகளில் வேகமாகப் போனால் வாந்தி வந்துவிடும். அதனால் முதலில் மெதுவாக ஏறி, பதினோராவது கொண்டை ஊசி வளைவில் அவரை இறக்கிவிட்டு, இவள் மட்டும் கீழே இறங்கிப் போய்த் திரும்பி, விரட்டிக்கொண்டு ஏறுவாள். மேலேயிருந்து பஸ் எதுவும் வரவில்லையென்றால் அவர் சிவப்புத் துண்டைத் தூக்கி ஆட்டுவார், ரோடு காலி, வா என்று அர்த்தம். துண்டு தெரிந்ததும் இவள் மிதித்துக்கொண்டு வளைவுக்குள் புகுந்து, அவரைத் தாண்டி, மேலே போய்த் திரும்பி இறங்கி, மறுபடியும் ஏறுவாள். வெயில் ஏறும்வரை இதுதான் விளையாட்டு. ஒவ்வொரு தரமும் அவர் அவளுக்குக் கண்ணாடியில் ஒரு கணம் தெரிவார், சிவப்பாக ஏதோ ஒன்று, அடுத்த வளைவு வந்துவிடும்.

நாலு வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டறையில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். கருமாதி எல்லாம் முடிந்து அடுத்த மாதம், வீட்டில் இருக்க மாட்டாமல், அவள் தனியாக மலைக்கு வந்தாள். பதினோராவது வளைவில் வண்டி வாலை வீசித் தடுப்புச் சுவரில் இடித்தது. மறுவாரம் வந்தாள், மறுபடியும் வீசியது. இத்தனை வருஷம் கையில் பூனைக்குட்டி மாதிரி கிடந்த வண்டி, அவர் போனதும் தனக்குத் துரோகம் செய்கிறது என்று அவளுக்குத் தோன்றியது, ஸ்டீயரிங்கைக் கையால் அடித்து அடித்து அழுதாள். அந்த வாரமே வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். பல வருஷம் கழித்து, வழுக்கினால் தானே பிடித்து நிறுத்தும் கம்ப்யூட்டரோடு மூன்றாம் மாடல் வந்தபோது முதல் ஆளாகப் போய் வாங்கியதும், பழசை அத்தனை வாய் கிழியத் திட்டியதும், எல்லாம் அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளால்தான். இது மெஸ்ஸில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு சிரித்திருக்க மாட்டார்கள்.

கண்ணாடிகள் மாறிய சேதி பொள்ளாச்சிச் சந்தைவரை பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடுத்த ஞாயிறு செக்போஸ்ட்டில் கூட்டம் நின்றது. செத்துப்போன தம்பி பால்கேனோடு சைக்கிளில் போவான், ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று ஒருத்தர் வந்தார். எழுபத்தொன்றில் தன் தோப்புக்கு வேலி எங்கே இருந்தது என்று பார்க்க இன்னொருத்தர் வக்கீலோடு வந்தார். கண்ணாடி சொன்னதை எல்லாம் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று பிற்பாடு கோர்ட்டில் சொல்லிவிட்டார்களாம். ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு வளைவு என்று முதலாம் மாடல்காரர்கள் கூட்டிப்போனார்கள். விளக்கடிக்கிற கட்டுப்பாடு மாடல்காரர்களுக்குத்தான், வெளியாளுக்கு இல்லை என்று அதற்கும் ஒரு சட்டம் சொல்லிக்கொண்டார்கள். கண்ணாடியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனால் அது முகத்தைத்தான் காட்டியது. திரும்பிப் பார்த்தால் இன்றைய பாதைதான் கிடந்தது. பார்க்கிற மட்டும்தான் பாக்கியம், கூப்பிட்டால் கேட்காது. கண்ணாடியில் தெரிகிறவர்களிடம் போய்விடலாமென்று சிலர் பின்னாலேயே வண்டியை விட்டார்கள். ஆட்கள் பெரிசாகிக்கொண்டே வந்து, வண்டி தொடுகிற நேரத்தில் கண்ணாடியை விட்டு நழுவிப் போனார்கள், வண்டி மட்டும் பள்ளத்தில் இறங்கியது. அதற்கப்புறம் இன்ஸ்பெக்டர் செக்போஸ்ட்டில் ஒரு போர்டு வைத்தார்: ஜடாயு வாகனங்கள் மலைப்பாதையில் பின்னோக்கி ஓடக்கூடாது.

சண்டையும் தன் போக்கில் விஷயத்தை மாற்றிக்கொண்டது. குதிரைசக்தியையும் வேகத்தையும் பற்றிப் பேசினவர்கள் இப்போது கண்ணாடியின் அகலத்தைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம் மாடலின் கண்ணாடி உள்ளங்கை அகலம்கூட இராது, அதில் தெரிந்ததும் பதின்மூன்றாம் வருஷத்துச் சுற்றுலாக்காரர்கள் குரங்குக்குப் பிஸ்கட் போட்டுக்கொண்டு செல்ஃபோனில் படம் எடுப்பதுதான். "அதைப் பாக்கறதுக்குக் கண்ணாடி எதுக்குங்க, அப்பிடியே திரும்பிப் பாத்தாலே தெரியுதே" என்று இராமபத்ரன் கேட்டதும், பூங்கோதை சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவள் ஒவ்வொரு ஞாயிறும் போய்க்கொண்டுதான் இருந்தாள். பதினோராவது வளைவைத் தாண்டியதும் கண்ணாடியைப் பார்ப்பாள். வெறும் வளைவு. தடுப்புச் சுவரில் யாரோ பெயர் கிறுக்கியிருப்பார்கள். தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துப் பஸ்ஸுக்கு, பதின்மூன்றாம் வருஷத்து டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள், வண்டியை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள்.

ஆவணி பிறந்த பிறகு ஒருநாள் மெஸ்ஸில் கைகழுவுகிற இடத்தில் வெள்ளிங்கிரி அவள் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அக்கா, சொல்றதா வேண்டாமான்னு ஒரு மாசமா ரோசனைங்க. பதினோராவது வளைவுல உங்க வீட்டுக்காரர் நிக்கறாருங்க, வண்டி வாங்க வந்தப்ப உங்க வீட்டுல படத்துல பாத்த அதே மொகம். செவப்புத் துண்டு வெச்சுட்டு."

பூங்கோதை கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷம் தான் பேசின பேச்சுக்கு இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

"நல்லாருக்காருங்களா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேள்வி இது என்று இருந்தது.

"நல்லாருக்காருங்க. தலை பூராவும் கறுப்பா இருக்குது. நான் வேகமாப் போயர்றனுங்க, ஒரு பார்வைதான். வர்றதுன்னா வாங்க. சாவி உங்குளுது."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. விளக்கு வணக்கம் போய்விடும் என்ற கவலை ஒரு பக்கம் இருந்தது. ஆனால் உண்மையான பயம் அது இல்லை. தான் அறுபதை நெருங்கிவிட்டோம், அவர் அங்கே முப்பதில் நிற்கிறார். அவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒருமுறை மலையிறங்கி வீட்டுக்குப் போகவேண்டும், அந்த வீட்டில் விளக்குப் போட்டு ஒற்றைத் தட்டை எடுத்து வைக்கவேண்டும். அதை ஒருமுறை செய்து பழகியாயிற்று, மறுபடி முதலிலிருந்து பழக முடியுமா என்றுதான் பயந்தாள். மூன்றாவது ஞாயிறு, எல்லோரும் பார்க்க, தன் வண்டியை வெயிலில் விட்டுவிட்டு, கீற்றுக்கொட்டகைக்குள் நடந்துபோய் வாலாட்டியின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மூன்றாம் மாடல்காரர் ஒருத்தர் மட்டும், "அக்கா, வேண்டாங்க்கா" என்றார், அவருக்கே கேட்காத குரலில். வெள்ளிங்கிரி மறுபக்கம் ஏறிக்கொண்டார்.

கியர் அவள் கைக்கு ஞாபகம் இருந்தது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போடும்போது சன்னமாக ஒரு இடறல், அதை இன்னும் யாரும் சரிசெய்யவில்லை. கண்ணாடியில் சேரன் பஸ் ஒன்று கொஞ்சதூரம் வந்து நின்றுகொண்டது. எதிரே இறங்கிய இரண்டாம் மாடல்காரர் ஒருவர் பழக்கத்தில் விளக்கடிக்கக் கையைக் கொண்டுபோய், உள்ளே யார் இருக்கிறார் என்று பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். பத்தாவது வளைவு தாண்டியதும் அவள் கியரை இறக்கினாள். பதினோராவதில் வழக்கம்போல் வண்டி பின்பக்கத்தை ஒரு வீச்சு வீசியது, அவள் பிடித்து நேராக்கி, வளைவு முடிந்த இடத்திலேயே, யாரும் நிறுத்தாத இடத்தில், பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள்.

சென்னியப்பன் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அப்போதுதான் ஒரு வண்டி அவரைத் தாண்டிக் கீழே இறங்கிப் போயிருக்க வேண்டும், புழுதி இன்னும் அடங்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து இறக்கி, வண்டி போன திசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். அவள் எத்தனையோ முறை அவரைத் தாண்டிப் போயிருக்கிறாள், அந்தச் சிரிப்பை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பிறகு அவர் பாதையின் நடுவுக்கு வந்து, சாமி கும்பிடுகிறவரைப் போல மண்டியிட்டு உட்கார்ந்து, கையிலிருந்த துண்டால் வளைவைக் கூட்ட ஆரம்பித்தார். மேலே மலைச்சரிவிலிருந்து வழிந்து வந்த மணல், பொடிக்கல், சருகு எல்லாவற்றையும் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம்வரை ஒதுக்கி, சுவரோரம் தள்ளி, கையால் தரையைத் தடவிப் பார்த்து, இன்னும் இருக்கிறதென்று மறுபடியும் கூட்டினார். துண்டை உதறி, இருமினார். கீழே எட்டிப் பார்த்துவிட்டு அவசர அவசரமாக இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"வெள்ளிங்கிரி" என்றாள் பூங்கோதை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் அழுது முடிக்கும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியில ஒண்ணுமே இல்லீங்க" என்றாள் கடைசியில். "வண்டி நல்ல வண்டிங்க. அது என்னைக்குமே வால ஆட்டுல. மணலுங்க. அவரு கூட்டி வெச்சிருக்காரு, நான் பாட்டுக்கு ஓட்டிட்டிருந்திருக்கறன். அவரு போனப்பறம் கூட்டறதுக்கு ஆளில்ல. அத்தனையும் வண்டி மேல போட்டு, உங்களையும் இத்தன வருசமா..."

"போச்சாதுங்கக்கா, உடுங்க" என்றார் வெள்ளிங்கிரி. ஆனால் அவர் கை, தன்னை அறியாமல், வண்டியின் முன்பலகையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அவள் இறங்கினாள். வெறும் கண்ணுக்கு அந்த வளைவில் யாரும் இல்லை, மணல்தான் இருந்தது, உள்பக்கம் முழுக்கப் பொடிமணல், காலை வைத்தால் சறுக்கியது. இத்தனை வருஷமாக அத்தனை மாடல்காரர்களும் அதன்மேல் ஏறிப்போய்விட்டு, கீழே மெஸ்ஸில் உட்கார்ந்து ஸ்பிரிங்கையும் டயரையும் பற்றி வாதாடியிருக்கிறார்கள். குனிந்து தரையைப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை, காரைத்தான் பார்த்தார்கள். பூங்கோதை துப்பட்டாவின் முடிச்சை அவிழ்த்து, முழங்கால் வலியோடு மண்டியிட்டு, கூட்ட ஆரம்பித்தாள்.

"நீங்க கீழ போயித் திரும்பி வாங்க. நான் சொல்றப்ப மிதிங்க" என்றாள்.

வெள்ளிங்கிரி இறங்கிப் போனார். அவள் கூட்டி முடித்து, தரையைக் கையால் தடவிப் பார்த்து, மேலே பஸ் இல்லையென்று தெரிந்துகொண்டு, துப்பட்டாவைத் தூக்கி ஆட்டினாள். கீழேயிருந்து வாலாட்டி உறுமிக்கொண்டு வந்தது, வளைவுக்குள் புகுந்தது, அம்மியில் வைத்த குழவி மாதிரி பாதையோடு ஒட்டிக்கொண்டு திரும்பி, துளிகூட அசையாமல் அவளைத் தாண்டிப் போய் நின்றது. ஜன்னல் வழியாக வெள்ளிங்கிரி தலையை நீட்டினார். அந்த ஐம்பது வயது மனிதர் முகத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சந்தோஷம் இருந்தது. கண்ணாடியை ஒருமுறை பார்த்தார், திரும்பி அவளை ஒருமுறை பார்த்தார், மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார்.

"அக்கா, சித்தெ இக்கட்ட வாங்க" என்றார்.

அவள் புரியாமல் ஒரு அடி நகர்ந்தாள்.

"இன்னுங் கொஞ்சம். செவுத்தோரமா. அந்த வெள்ளைக்கல்லுக்கு இந்தப் பக்கம். ஆங், அங்கதானுங்க. அங்கயே நில்லுங்க. பக்கத்துல நிக்கறாரு. தோள்ல தோள் படற மாதிரிங்க."

பூங்கோதை நின்றாள். காற்று வந்தது, யூகலிப்டஸ் வாசம் வந்தது, தோளில் ஒன்றும் படவில்லை. கையை இறக்கி, அவர் கை எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்த உயரத்தில் விரல்களைக் கொஞ்சம் விரித்து வைத்துக்கொண்டாள்.

"என்ன பண்றாருங்க?" என்று கேட்டாள்.

வெள்ளிங்கிரி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"கூட்டி முடிச்சுட்டாருங்க. கீழ எட்டிப் பாக்கறாரு. துண்டத் தூக்கறாருங்கக்கா. நீங்க வந்துட்டிருக்கறீங்களாட்டம் இருக்குது."